இறவாரத்துப் பிள்ளைகள்

பிள்ளையைச் சுமந்துகொண்டு கோயிலுக்கு நடப்பது மருத்துவச்சியின் உரிமை. பெற்றவள் ஆறு வாரத்துக்கு வாசற்படி தாண்டக் கூடாது. அதனால் முன்னால் மருத்துவச்சி, பக்கத்தில் ஞானத்தாய், பின்னால் தகப்பனும் உறவுக்காரர்களும் என்று வரிசை போகும். பீப்பாய் செய்கிற யோர்க்கின் வீட்டிலிருந்து ஐஷன்பாக் கோயிலுக்கு எட்டி நடந்தால் முந்நூறு அடி இருக்கும். பன்னிரண்டு வருஷமாக ஒட்டிலியா இந்தத் தெருக்களில் பிள்ளை சுமந்தவள்தான். பனியில் வழுக்கியதில்லை, வெயிலில் தள்ளாடியதில்லை. 1537-ஆம் வருஷம் ஈஸ்டருக்கு முந்திய அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் ஒவ்வொரு அடியையும் எண்ணி எண்ணி வைத்தாள்.

வாசலில் போதகர் ஒரு கேள்வி கேட்பார். எல்லாப் பிள்ளைக்கும் கேட்கிற கேள்விதான். 'இந்தப் பிள்ளைக்கு வீட்டில் ஞானஸ்நானம் ஆயிற்றா?' இல்லை என்று சொன்னால் உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் ஊற்றுவார். ஆம் என்று சொன்னால் யார், எப்படி, எந்த வார்த்தை சொல்லி என்று விசாரிப்பார்.

ஆயிற்று என்பது ஒட்டிலியாவுக்குத் தெரியும். ஊற்றியவளே அவள்தான்.

"அக்கா, இந்தக் குளிர்ல வேர்க்கிற பொம்பளைய இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றாள் பக்கத்தில் வந்த குனிகுண்ட். ரொட்டி சுடுகிறவரின் மனைவி, இந்தப் பிள்ளைக்கு ஞானத்தாய். "மூஞ்சியக் கொஞ்சம் மாத்து. பிள்ளையத் திருடிட்டுப் போறவ மாதிரி இருக்கு."

"நீ பாத்தே இல்ல?"

"நானா? வெந்நி எடுக்கப் போனேன். வெந்நி எடுத்துட்டு வந்தேன்."

"குனிகுண்ட்."

"பாத்தேன்." குரல் இறங்கியது. "ஆனா நான் பாக்கல. புரியுதா? எங்க வீட்டு அடுப்புல ரொட்டி கருகினாலே நான்தான் காரணம்னு சொல்ற மனுஷன் எம் புருஷன். சாட்சின்னு என் பேரு நகரசபை வரைக்கும் போச்சுன்னா, மாவோட சேத்து என்னையும் பிசைஞ்சிருவாரு."

முந்தின நாள் காலையில் நடந்தது இது. யோர்க்கின் மனைவி வால்புர்கா விடியலிலிருந்து பிரசவ நாற்காலியில் இருந்தாள். தலை வரவேண்டிய இடத்தில் ஒரு கை வந்தது. நீலம் பாய்ந்து, விரல் மடங்கி, தொட்டால் அசையாத கை. ஒட்டிலியா தன் கையில் வாத்துக் கொழுப்பைத் தடவிக்கொண்டு உள்ளே விட்டுத் திருப்பப் பார்த்தாள், திரும்பவில்லை. பிள்ளை போய்விட்டது என்று அவளுக்குள் ஒரு கதவு அடைத்துக்கொண்டது. அடுத்த கணம் அவளுடைய இடது கை தகரக் கிண்ணத்துக்குப் போயிற்று. மூன்று வாரத்துக்கு முன்னால் நகரசபையில் தூக்கிச் செய்த சத்தியம் அந்தக் கைக்கு ஞாபகமில்லை. "கிறிஸ்துவின் படைப்பே, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே" என்று வாய் முணுமுணுக்க, அந்தச் சின்ன முஷ்டியின் மேல் தண்ணீர் விழுந்தது. ஆணா பெண்ணா என்று தெரியாத பிள்ளைக்குக் 'கிறிஸ்துவின் படைப்பு' என்பதுதான் பெயர்.

தண்ணீர் பட்டதும் விரல்கள் விரிந்தன. பிறகு பிள்ளை திரும்பியது, வந்தது, அழுதது. பெண் பிள்ளை. வால்புர்கா சிரித்துக்கொண்டே மயங்கினாள். ஒட்டிலியாவுக்கு அப்போதுதான் சத்தியம் ஞாபகம் வந்தது.

சத்தியம் இதுதான்: முழுசாய் வெளியே வராத பிள்ளைக்கு மருத்துவச்சி தண்ணீர் ஊற்றக் கூடாது. ஞானஸ்நானம் என்பது மறுபிறப்பு; பிறக்காததற்கு மறுபிறப்பு இல்லை. கைக்கும் காலுக்கும் ஊற்றுவது போப்பாண்டவரின் பழைய மதத்து மூடத்தனம். ஊரை ஆளும் பிரபுவின் இந்தப் புதுச் சட்டம், ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் வந்தது. அதைப் பிரசங்க மேடையிலிருந்து வாசித்தார்கள், நகரசபையில் மருத்துவச்சியை நிறுத்திக் கை தூக்க வைத்தார்கள். ஞானஸ்நானம் நிச்சயமில்லாமல் செத்த பிள்ளையைக் கோயில் மணியில்லாமல், பாட்டில்லாமல், மதிலுக்கு வெளியே ஓர் ஓரமாய்ப் புதைக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. அந்த வரியை வாசித்தபோது ஒட்டிலியா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய வாழ்க்கையே அப்படி ஓர் ஓரத்தில்தான் தொடங்கியது.

பத்தொன்பது வயதில் அவளுக்கு முதல் பிள்ளை. அதுவும் கை முன்னால் வந்த பிள்ளைதான். அன்றைய மருத்துவச்சி, பயந்த சுபாவம், ஊற்றலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டே நின்றாள். யோசித்து முடிப்பதற்குள் முடிந்துவிட்டது. தண்ணீர் படாத பிள்ளைக்குக் கோயில் மண் கிடையாது, மோட்சமும் கிடையாது, வெளிச்சமில்லாத ஓர் இடத்தில் கடைசி நாள்வரை கிடக்கும் என்றார் பழைய பாதிரியார். அந்தி மயங்கும் நேரத்தில் அவள் புருஷன் பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துப் போய், கோயிலின் வடக்குச் சுவரை ஒட்டி, இறவாரத்துக்கு நேர் கீழே புதைத்துவிட்டு வந்தான். மழை பெய்தால் கோயில் கூரையைத் தொட்ட தண்ணீர் அங்கே சொட்டும். பாதிரியார் ஊற்றாததை வானம் ஊற்றட்டும் என்று அந்தப் பக்கத்து ஏழைகள் காலங்காலமாய்ச் செய்து வந்ததுதான். சுவரோரத்தில் அப்படி எத்தனை பிள்ளைகள் கிடக்கின்றன என்று ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தாலும் சொல்லமாட்டார்கள்.

சில வருஷம் கழித்து ஒரு துறவி ஊர் ஊராய்ப் பாவமன்னிப்புச் சீட்டு விற்றுக்கொண்டு வந்தார். ஒரு குளிர்காலம் முழுக்க நூல் நூற்ற கூலியைக் கொடுத்து ஒட்டிலியா ஒரு சீட்டு வாங்கினாள், அந்தப் பிள்ளைக்கென்று. அதைக் கொண்டுபோய்ப் பாதிரியாரிடம் காட்டினாள்.

"இது உத்தரிக்கிற தலத்துல கிடந்து பாவம் கழிக்கிறவங்களுக்கு, மகளே. உம் பிள்ளை இருக்கிறது வேற இடம். அங்க இது செல்லாது."

"விக்கும்போது அவர் சொல்லலையே, சாமி."

"நீ கேட்டிருக்கணும்."

அந்த ஒரு வார்த்தைதான். பின்னாளில் ஊர் இரண்டுபட்டபோது, ஏன் நீ புதுப் பிரசங்கம் கேட்கப் போனாய் என்று கேட்டவர்களுக்கு, ஒட்டிலியா வேதத்திலிருந்து ஒரு வசனமும் எடுத்துச் சொன்னதில்லை. "நான் கேட்டிருக்கணுமாம்" என்று மட்டும் சொல்வாள். சீட்டெல்லாம் வெறும் தாள், கடவுளின் கிருபைக்கு விலை போட எவனுக்கும் உரிமையில்லை என்று புதுப் போதகர் சொன்ன அன்று, அவள் வீட்டுக்கு வந்து அந்தச் சீட்டை அடுப்பில் போட்டாள். பெட்டிக்குள் மடித்து மடித்துக் கிழிந்துபோன தாள், நன்றாகவே எரிந்தது. எரிந்த பிறகு பயம் வந்தது. செல்லாத சீட்டுத்தான், ஆனால் பிள்ளைக்கென்று அவளிடம் இருந்தது அது ஒன்றுதான்.

பிறகு வந்ததெல்லாம் பயத்தின் மேல் பயம். குடியானவர்கள் பிரபுக்களுக்கு எதிராய் அரிவாள் தூக்கிய வருஷம் புருஷன் அவர்களோடு போனான்; வண்டிச் சக்கரம் செய்கிறவனுக்குப் போரில் என்ன வேலை என்று கேட்டதற்கு நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனான், திரும்பவில்லை. விதவையானவள் மருத்துவச்சி வேலைக்கு வந்தாள். எந்தப் பிள்ளையையும் யோசித்துக்கொண்டு நின்று சாகவிடுவதில்லை என்று ஒரே ஒரு வைராக்கியம். கையோ காலோ, வந்ததன் மேல் ஊற்றினாள். பழைய பாதிரியார் ஊரைவிட்டுப் போவதற்கு முன் அவளுக்கு ஓர் உபாயம் கற்றுக்கொடுத்திருந்தார்: பிள்ளை பிழைத்துவிட்டால், தலையில் மறுபடி ஊற்றும்போது, 'நீ இன்னும் ஞானஸ்நானம் பெறாதிருந்தால்' என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள். முதல் தண்ணீர் செல்லும் என்றால் இரண்டாவது ஒன்றுமில்லை. செல்லாது என்றால் இரண்டாவது செல்லும். கடவுள் பார்த்துக்கொள்வார்.

புதுச் சட்டம் அந்த வார்த்தையையும் எடுத்துவிட்டது. கடவுளிடம் 'இருந்தால் கிருந்தால்' என்று பேரம் பேசக் கூடாதாம்.

"நீ ஏங்க்கா போட்டுக் குழப்பிக்கிறே" என்றாள் குனிகுண்ட், கிணற்றைத் தாண்டும்போது. "அய்யா கேப்பாரு, யோர்க் இல்லன்னு சொல்வான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது. அய்யா தண்ணிய ஊத்துவாரு. நாம போய்ச் சாப்பிடுவோம். விருந்துக்கு ரெண்டு மேசைக்கு மேல போடக் கூடாதுன்னு சட்டம். அதனால ஒவ்வொரு மேசையும் எத்தன நீளம்னு நீ பாக்கணுமே."

"ரெண்டாந்தரம் தண்ணி பட்டா அதுக்குப் பேரு என்னன்னு உனக்குத் தெரியும்."

இருவரும் ஆற்றுப் பக்கம் பார்க்காமல் நடந்தார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நெசவுக்காரன் ஒருவனின் மனைவி, குழந்தையாய் இருந்தபோது பெற்ற ஞானஸ்நானம் போதாது என்று வளர்ந்த பிறகு மறுபடி பெற்றுக்கொண்டாள். இரண்டாம் ஞானஸ்நானத்துக்கு மரணம் என்பது சக்கரவர்த்தியின் சட்டம். போப்பாண்டவரின் ஆட்களும் புதுப் போதகர்களும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். பாலத்திலிருந்து அவளைத் தண்ணீரில் அமுக்கினார்கள். அவளுக்கு மூன்று பிரசவம் பார்த்தவள் ஒட்டிலியா. அன்றைக்கு அவளுடைய கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு கரையில் நின்றதும் ஒட்டிலியாதான். தண்ணீரின் மேலே வந்த குமிழிகள் நின்ற பிறகும் அந்தப் பிள்ளை தாயின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

இப்போது கையில் இருக்கும் பிள்ளை தூங்குகிறது. வாயைத் திறந்து சொன்னால் சத்தியம் மீறியவள்: வேலை போகும், ஊரைவிட்டுத் துரத்தலாம், பழைய மதத்துக்காரி என்று பெயர் வரும். அதைக்கூடத் தாங்கலாம். சொன்னால் போதகர், 'கையில் ஊற்றியது ஞானஸ்நானம் அல்ல' என்று ஊரறியச் சொல்வார். அந்த ஒரு வாக்கியத்தில், பன்னிரண்டு வருஷமாக அவள் வாய்ச்சொல்லை நம்பி மதிலுக்குள் புதைத்த இருபத்து மூன்று பிள்ளைகளும் தண்ணீர் படாத பிள்ளைகளாகிவிடும். பக்கத்துக் கிராமத்தில் போன வருஷம் அப்படித் தோண்டி எடுத்து வெளியே போட்டார்கள் என்று பேச்சு. அந்த இருபத்து மூன்றில் ஒன்று இந்தப் போதகருடையதே.

சொல்லாவிட்டால், ஆற்றில் அமுக்கத் தகுந்த குற்றத்தை, பிறந்து ஒரு நாளே ஆன பிள்ளைக்குத் தன் கையாலேயே செய்து வைக்கிறாள். இருதலைக் கொள்ளி எறும்புக்காவது நடுவில் கொஞ்சம் இடம் இருக்கும்.

கோயில் வாசலில் போதகர் வெண்டல் கறுப்பு அங்கியோடு நின்றார். முப்பது வயசு இருக்கும். போன குளிர்காலத்துக்குப் பிறகு தோள் கொஞ்சம் கூனிவிட்டது. வடக்குச் சுவர்ப் பக்கம் ஒட்டிலியாவின் பார்வை தானாகப் போயிற்று. இரண்டு வருஷத்துக்கு முன் அவர்தான் இறவாரத்தின் கீழே நீளமாய் மரத்தூம்பு ஒன்று கட்டவைத்தார், கூரைத் தண்ணீர் எல்லாம் அதில் ஓடி மூலையில் போய் விழும்படி. "கூரைத் தண்ணீர் கூரைத் தண்ணீர்தான்" என்று அந்த ஞாயிறு பிரசங்கம் செய்தார். அன்றிலிருந்து சுவரோரம் காய்ந்து கிடக்கிறது. ஒட்டிலியாவின் பிள்ளைக்கு மேலும் காய்ந்த மண்.

"இந்தப் பிள்ளைக்கு வீட்டில் ஞானஸ்நானம் ஆயிற்றா?"

"இல்லீங்கய்யா" என்றான் யோர்க் பின்னாலிருந்து, உற்சாகமாய். "வீட்டுல பீர் மட்டும்தான் ஆச்சு."

உறவுக்காரர்கள் சிரித்தார்கள். போதகர் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினார். குனிகுண்டின் முழங்கை ஒட்டிலியாவின் விலாவில் மெல்ல இடித்தது: முடிந்தது, நட. பிள்ளை கண்ணைத் திறந்தது. எதையும் பார்க்காத அந்த நீலக் கண், எதையோ பார்ப்பதுபோல் அவள் முகத்தில் நின்றது.

"ஆச்சுங்கய்யா" என்றாள் ஒட்டிலியா.

சிரிப்பு அடங்கியது. போதகர் அவளைப் பார்த்தார், பிறகு மற்றவர்களைப் பார்த்தார். "கொஞ்சம் இங்கயே நில்லுங்க" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, அவளைப் பிள்ளையோடு மணிக்கூண்டின் அடிக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். மணிக் கயிறு மேலிருந்து தொங்கியது. அதைப் பார்க்காமலிருக்க ஒட்டிலியா தரையைப் பார்த்தாள்.

"தலையிலயா ஊத்துனீங்க?"

"கையில."

"மீதி உடம்பு?"

"உள்ள."

அவர் மூச்சை விட்டார். "அப்ப அது ஞானஸ்நானம் இல்லம்மா. சட்டம் உங்களுக்குத் தெரியும். கை தூக்குனீங்க, நான் பக்கத்துல நின்னேன்."

"நின்னீங்க."

"பின்ன ஏன்?"

"நீலமாப் போச்சுங்க. செத்துருச்சுன்னு நெனச்சேன். என் கை தானாப் போச்சு."

"மொதத் தடவையா?"

"சத்தியத்துக்கப்புறம் மொதத் தடவை."

"அதுக்கு முன்னால?"

பொய் ஒன்று அவள் நாக்கு நுனிவரை வந்தது. இந்த அறையில் அது நிற்காது என்று தோன்றியது. "அதுக்கு முன்னால எல்லாமே அப்படித்தானுங்க. எது வெளிய வருதோ அதும்மேல."

வெளியே குனிகுண்டின் குரல் கேட்டது. "பிள்ளைக்குக் குளிருதோ இல்லியோ, எங்களுக்குக் குளிருதுங்கய்யா. அங்க சூப்பும் ஆறுது." யாரோ அவளை அதட்டினார்கள்.

போதகர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. புத்தகத்துக்குள் விரலை வைத்து மூடியிருந்தார். அந்த விரல் வெளுத்திருந்தது.

"எங்க வீட்டுல?"

போன குளிர்காலத்து நாள் ஒன்று ஒட்டிலியாவின் முன்னால் வந்து நின்றது. போதகரின் மனைவி ஆஃப்ரா அவள் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்துக்கொண்டு சொன்னது: 'ஒரு மூச்சு விட்டான்னு சொல்லுங்க. அவர்கிட்ட அப்படியே சொல்லுங்க.'

"கால்" என்றாள்.

"ஒரு மூச்சு விட்டான்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"அவளுக்குத் தெரியுமா?"

இதற்கு ஒட்டிலியா வாயைத் திறக்கவில்லை. அவளைப் பாலத்துக்குக் கூட்டிப்போனாலும் திறப்பதாக இல்லை. ஆனால் போதகர் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. வடக்குப் பக்கச் சுவரை, கல்லைத் துளைத்து அந்தப்புறம் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அதனாலதான் அவனப் புதைக்க அந்தச் சுவரோரம் வேணும்னு கேட்டாளா" என்றார், அவளிடம் அல்ல. "வெயில் படாத இடம், ஏன்னு கேட்டேன். காத்து அடிக்காதுன்னா."



"அய்யா," ஒட்டிலியாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "அந்தப் பிள்ளைங்களத் தோண்டுவீங்களா?"

அவர் கதவைத் திறந்தார். வெளிச்சத்தில் அவர் முகம் மாவு பூசியதுபோல் இருந்தது. "வீட்டில் நடந்தது அவசரத்தில் சொன்ன ஜெபம்" என்று வாசலில் நின்றவர்களிடம் புத்தகத்தை வாசிப்பதுபோல் தெளிவான குரலில் சொன்னார். "ஞானஸ்நானம் இப்போதுதான். உள்ளே வாருங்கள்."

தண்ணீர்த்தொட்டியின் மேல் ஒட்டிலியா பிள்ளையை நீட்டியபோது துணியின் ஓரம் நனைந்தது. போதகர் மூன்று தரம் ஊற்றினார். ஒவ்வொரு தரமும், உதடு அசையாமல், அவள் தனக்குள் அந்த வார்த்தையைச் சேர்த்தாள்: பெறாதிருந்தால். பெறாதிருந்தால். பெறாதிருந்தால். பிள்ளை வீறிட்டது. அவளுக்கு ஆற்றின் ஞாபகம் வந்தது. விருந்தில் குனிகுண்ட் கொடுத்த ரொட்டியை அவள் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

போகும்போது போதகர் ஒன்றுதான் சொன்னார். "ஈஸ்டர் கழிஞ்சு, கோயிலையெல்லாம் விசாரிக்கப் பிரபுவோட கண்காணிப்பாளர் வர்றார். கேப்பார்."

மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் நகரசபைச் சேவகனின் தொப்பி தெருமுனையில் தெரிந்தால் அவள் பின்கதவு வழியே ஆட்டுக்கொட்டிலுக்குப் போனாள். மண்வெட்டியோடு யார் நடந்தாலும் எங்கே போகிறான் என்று பின்னாலேயே போய்ப் பார்த்தாள். ஒருநாள் அப்படிப் பின்தொடர்ந்தவன் முட்டைக்கோசுக்குப் பாத்தி வெட்டப் போகிறவன். "என்னக்கா, எனக்கும் பிரசவம் பாக்க வர்றியா?" என்றான். அவளால் சிரிக்க முடியவில்லை.

கண்காணிப்பாளர் வந்தார். நகரசபையில் அவளை நிறுத்தினார்கள். மோசமான மனிதர் அல்ல. சளி பிடித்திருந்தது, சீக்கிரம் முடிக்க விரும்பினார்.

"மருத்துவச்சி சத்தியத்தில் நிற்கிறாளா?" என்று, அவளைக் கேட்காமல், போதகர் வெண்டலைக் கேட்டார்.

வெண்டல் மெல்ல எழுந்து நின்றார். அந்த இடைவெளியில் ஒட்டிலியா தன் வீடு, ஆடு, பிரசவ நாற்காலி எல்லாவற்றுக்கும் விடை சொல்லி முடித்துவிட்டாள்.

"கேட்டால் பொய் சொல்லாதவள்" என்றார் வெண்டல்.

கண்காணிப்பாளர் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த தாளை எடுத்தார்.

அந்த வாரக் கடைசியில் மழை. ஒட்டிலியா மேட்டுத் தெருவில் ஒரு பிரசவம் முடித்து, முக்காட்டை இழுத்துப் போர்த்தியபடி கோயில் பக்கமாய் வந்தாள். தலை முன்னால் வந்த பிள்ளை, ஒழுங்காய்ப் பிறந்த பிள்ளை. அப்படியும் கிண்ணம் இருந்த பக்கம் போகாமல் இடது கையை இடுப்பில் செருகியே வைத்திருந்தாள். வடக்குச் சுவரைத் தாண்டும்போது ஒரு சத்தம் கேட்டது. இரண்டு வருஷமாய்க் கேட்காத சத்தம். இறவாரத்திலிருந்து நேரே மண்ணில் தண்ணீர் விழுகிற சத்தம்.

நிமிர்ந்து பார்த்தாள். மரத்தூம்பின் நடுவில் இரண்டு ஆள் நீளத்துக்கு ஒரு துண்டைக் காணோம். காற்று பிய்த்த மாதிரி தெரியவில்லை. கட்டியிருந்த கயிறு கத்தியால் அறுத்ததுபோல் நேராய் அறுந்திருந்தது. போதகர் பிள்ளையின் சின்னச் சிலுவை மேல் தண்ணீர் விழுந்தது. பக்கத்தில், அடையாளமில்லாத மண்ணின் மேலும் விழுந்து, சின்னச் சின்னக் குழியாய்த் தோண்டிக்கொண்டிருந்தது.

அவள் நின்றது நாலு மூச்சு நேரம்தான். யாராவது பார்த்தால் யார் அறுத்தது என்று கேட்பார்கள். கேட்டால் அவளுக்குப் பொய் வராது. முக்காட்டை இன்னும் கீழே இழுத்துக்கொண்டு, மேலே பார்க்காதவள்போல், வேகமாய் வீட்டுக்கு நடந்தாள்.